கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை



மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கிக் கொடுக்க முன்வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய இயந்திரங்களைப் பற்றியே விசாரிக்கிறார்கள். வயிற்றில் சிறு துளையிட்டு, குழாய் வழியே பார்த்து அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி இயந்திரம் இருக்கிறதா, ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஒரு சாண் கீறலுக்குப் பதிலாக ஒரு விரல் நுனி அளவு துளை என்பது நோயாளிக்குச் செய்யும் பெரிய இரக்கம். ஆனாலும் இந்த மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது கத்தியே படாத சில சாதனங்களை. பிள்ளை பெற்ற தாயின் உதிரப்போக்கை, வயிற்றைத் திறக்காமலே நிறுத்துவதற்கென்று மனிதர் கண்டுபிடித்தவை அவை. ஒன்று ரப்பரும் நூலும் கொண்டு செய்தது. மற்றொன்று கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டில் எது அதிகம் உதவியது என்பதைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறைமாதத்தில் தாயின் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடியும் பிரிந்தவுடன், அந்தக் கொடி ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். அவற்றைக் கட்டுவதற்கு யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. கர்ப்பப்பையின் தசைநார்கள் வலைக்கண்ணிபோல ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. கர்ப்பப்பை சுருங்கும்போது அந்தக் கண்ணிகள் குழாய்களை நெரித்து மூடிவிடுகின்றன. பிள்ளை பிறந்ததும் தாயின் தொப்புளுக்குக் கீழே கை வைத்து, வயிறு இறுகிவிட்டதா என்று மருத்துவச்சி பார்ப்பது இதற்காகத்தான். கர்ப்பப்பை இறுகாமல் துவண்டு கிடந்தால் உதிரம் நிற்காது. நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிடுவது, பிறப்புப் பாதையில் கிழிசல், இரத்தம் உறையாத கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பத்தில் ஏழு பேருக்குக் காரணம் கர்ப்பப்பையின் துவளல்தான்.

பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லியோ அதற்கு மேலோ இரத்தம் போனால் அதைப் பேறுகால உதிரப்போக்கு என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 40 லட்சம் தாய்மார்களுக்கு இது நேரிடுகிறது; சுமார் 70,000 பேர் இதனால் மரிக்கிறார்கள். மருந்து கேட்காவிட்டால் வயிற்றைத் திறந்து இரத்தக் குழாய்களைக் கட்டுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள். இருபது வயதுப் பெண், முதல் பிள்ளை; இனி அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. அதுவும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும், தியேட்டரும், சேர்கிற இரத்தமும் உள்ள இடத்தில்தான். அவை இல்லாத இடத்தில் வாசலில் வண்டிக்குக் காத்திருப்பதுதான் மிச்சம்.

வயிற்றைத் திறக்காமல் உள்ளிருந்தே அழுத்தம் கொடுத்தால் என்ன என்ற யோசனை பழையது. முன்பெல்லாம் மருந்துத் துணியைச் சுருள் சுருளாகக் கர்ப்பப்பைக்குள் திணித்து வைத்தார்கள். பிறகு, உணவுக்குழாயில் இரத்தம் வடிந்தால் அடைப்பதற்கென்று செய்யப்பட்ட பலூன் குழாயைச் சிலர் கடன் வாங்கிப் பயன்படுத்தினார்கள். சவூதி அரேபியாவில் பணியாற்றிய யூனிஸ் பக்ரி என்ற மகப்பேறு மருத்துவர் கர்ப்பப்பைக்கென்றே சிலிக்கானில் ஒரு பலூனை வடிவமைத்து, 2001-இல் அதைப்பற்றி எழுதினார். உள்ளே வைத்து 500 மில்லி வரை சலைன் நிரப்பலாம். நல்ல சாதனம். ஆனால் ஏழை நாட்டு ஆஸ்பத்திரி ஒவ்வொரு தாய்க்கும் ஒன்று வாங்கி வைக்கக்கூடிய விலையில் அது இல்லை.

இந்த இடத்தில்தான் வங்காளதேசத்தின் தலைநகர் டாக்கா வருகிறது. டாக்கா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பேராசிரியராயிருந்த சயேபா அக்தர் என்ற மகப்பேறு மருத்துவர், தம் வார்டில் தாய்மார் இரத்தம் வடிந்தே மரிப்பதைக் கண்டவர். கையில் இருந்ததை வைத்து அவர் ஒரு வழி செய்தார். சிறுநீர் எடுக்கும் ரப்பர் கத்தீட்டர் குழாயின் நுனியில் ஓர் ஆணுறையை மாட்டி, அதன் வாயைப் பட்டு நூலால் இறுகக் கட்டினார். குழாயின் மறுமுனையைச் சலைன் பாட்டிலோடு இணைத்தார். ஆணுறையைக் கர்ப்பப்பைக்குள் வைத்து, 250 முதல் 500 மில்லி வரை சலைன் இறக்கினால் அது உப்பி உட்சுவரை எல்லாப் பக்கமும் அழுத்தும். ஒன்றிரண்டு நாள் கழித்து நீரை மெல்ல மெல்ல வடித்து எடுத்துவிடலாம்.

சபைப் பத்திரிகையில் அச்சிடக் கூச்சமான பொருள் என்று சிலர் நினைக்கக்கூடும். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அலமாரியில் எந்நேரமும் இருக்கிற, மெலிதான, கிழியாமல் விரிகிற ரப்பரை ஒரு டாக்டர் தாயின் உயிருக்காக எடுத்துப் பயன்படுத்தினார். 2001 ஜூலை முதல் 2002 டிசம்பர் வரை 23 தாய்மாருக்கு இதைச் செய்ததில் 23 பேருக்கும் 15 நிமிஷத்துக்குள் உதிரம் நின்றது என்று 2003-இல் அவர் எழுதினார். அதன்பின் இந்த முறை பல ஏழை நாடுகளுக்குப் பரவியது. சயேபா முறை என்றே அதற்குப் பெயர் வந்தது.

இதுபோன்ற கதைகளை நாம் வழக்கமாக இந்த இடத்தில் முடித்துவிடுவோம். ஏழை நாட்டில், சில ரூபாயில், ஒரு பெண் மருத்துவரின் கண்டுபிடிப்பு; கேட்கிறவர்களின் மனம் நிறைந்துவிடும். ஆனால் பாடம் படிக்க உட்கார்ந்தவர்கள் அடுத்த பக்கத்தையும் திருப்ப வேண்டும்.

ஒரு சிகிச்சை 23 பேருக்கு உதவியது என்றால், அது இல்லாமலிருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கேட்கத்தானே வேண்டும்? அதற்குத்தான் ஒரு சாராருக்குக் கொடுத்தும் மற்றொரு சாராருக்குக் கொடுக்காமலும் ஒப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மாலி என்ற இரண்டு நாடுகளில் அப்படி ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளிவந்தது. மாத்திரையோடு இந்த ஆணுறைப் பலூனையும் வைத்தவர்களுக்கு, மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட எந்த நன்மையும் தெரியவில்லை. உகாண்டா, எகிப்து, செனகல் நாடுகளில் 18 ஆஸ்பத்திரிகளில் பலூனை அறிமுகப்படுத்திப் பார்த்த இன்னொரு ஆய்வு 2019-இல் வந்தது. அங்கும் அறுவையோ மரணமோ குறையவில்லை, கூடியதாகவே தெரிந்தது.

பலூன் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் அனுபவக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், பலூன் வைத்த தாய்மாரில் பெரும்பாலானவர்களுக்கு உதிரம் நின்றிருக்கிறது. பிறகு ஏன் இப்படி? பலூன் வைக்கப்படும் நேரத்தில் தாய் ஏற்கெனவே லிட்டர் கணக்கில் இழந்திருக்கலாம். உள்ளே தங்கிய நச்சுக்கொடித் துண்டையோ, வாயில் உள்ள கிழிசலையோ பாராமல் பலூனை வைத்திருக்கலாம். பலூன் இருக்கிறது என்ற தைரியத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் தியேட்டரைத் திறக்கவும் தாமதித்திருக்கலாம். ஆராய்ந்தவர்கள் இவற்றை எல்லாம் யோசித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பலூனுக்கு நிபந்தனைகள் வைத்தது. தேவைப்பட்டால் உடனே அறுவை செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதி இருக்க வேண்டும். பழகிய கை இருக்க வேண்டும். கூடவே இருந்து பார்க்க ஆள் இருக்க வேண்டும். ஏதுமில்லாத இடத்துக்கென்று பிறந்த சாதனம், வசதியுள்ள இடத்தில்தான் நம்பத்தக்கது என்றானது.

சாதனங்கள் இதோடு நிற்கவில்லை. உப்பவைப்பதற்குப் பதில் உள்ளிருந்து மெல்ல உறிஞ்சி, கர்ப்பப்பையைத் தானாகச் சுருங்க வைக்கும் ஒரு சிலிக்கான் வளையத்துக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. முதல் முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்தச் சாதனமானாலும் ஒரு கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை: இந்தத் தாய்க்கு உதிரம் மிஞ்சிப் போகிறது என்பதை யார், எப்போது கண்டார்கள்?

பிரசவ அறை விஷயத்தில் நாங்கள் நிற்கும் இடம் கதவுக்கு வெளியே. உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாது. இரத்த வங்கிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற கணவனைப் பார்க்கிறோம். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் கவ்விக்கொண்டிருக்கிற தாயாரைப் பார்க்கிறோம். “இப்பத்தானே ஐயா பேசிக்கிட்டிருந்தா” என்பார்கள். அது பொய்யல்ல. ஆரோக்கியமான இளம் பெண்ணின் உடல், ஒரு லிட்டர் போகும்வரைகூட வெளியே பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. நாடி சற்று வேகமாகும், அவ்வளவுதான். இரத்த அழுத்தம் சரிந்து முகம் வெளுக்கும்போது காலம் கடந்திருக்கும்.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. உதிரம் பனிக்குட நீரோடு கலக்கிறது, துணியில் ஊறுகிறது, கட்டிலின் கீழ் வாளியில் விழுகிறது. அனுபவமுள்ள சிஸ்டரும் குறைத்தே மதிப்பிடுவார். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரு பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து விரியுங்கள். 500 மில்லி தண்ணீரை அளந்து சிவப்புச் சாயம் கலந்து அதில் ஊற்றுங்கள். இன்னொரு சேலையில் 300 மில்லி. மூன்றாவதாக, அகன்ற ஒரு பேசினில் 700 மில்லி. அளவைச் சொல்லாமல், வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு தாள்களைச் சேர்த்துப் படியுங்கள்.

இந்தக் கண்ணின் குறையைத் தீர்த்த பை, கர்நாடகத்தில் பெல்காம் நகரில் உருவானது. 2014 முதல் அந்த ஊருக்குப் பெலகாவி என்று பெயர். அங்கே ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு மாத்திரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மிசோபிரோஸ்டால் என்ற மாத்திரை. கிராமத்து வீட்டிலும் துணைச் சுகாதார நிலையத்திலும் நர்ஸ் பிரசவம் பார்க்கும்போது கொடுக்கலாம், குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை. 1,620 தாய்மாரில் பாதிப் பேருக்கு மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. எவ்வளவு இரத்தம் போயிற்று என்று அளந்தால்தானே ஆய்வு? மண்தரையில், பாயின்மேல் நடக்கும் பிரசவத்தில் எதைக்கொண்டு அளப்பது?

அதற்காக ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, இரண்டு பட்டைகளால் வயிற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். விரிப்பின் கீழ்ப்பகுதி புனல்போலக் குறுகிப் பையாகத் தொங்கும். பையின்மேல் பால் அளக்கும் குவளையில் இருப்பதுபோலக் கோடுகள். பிள்ளை பிறந்து பனிக்குட நீர் போனபின் விரித்தால், பையில் சேருவது உதிரம் மட்டும். யார் வேண்டுமானாலும் குனிந்து படிக்கலாம். 123 தாய்மாரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண்மதிப்பு இந்தப் பை காட்டிய அளவைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரையின் பலனும் நன்றாகத் தெரிந்தது: உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. இவை 2006-இல் வெளிவந்தன. உலகம் அன்று மாத்திரையைத்தான் கவனித்தது. பை வெறும் அளவுகோல் என்று ஆய்வாளர்களின் அலமாரியில் இருந்தது.

அதை அலமாரியிலிருந்து எடுத்துச் சிகிச்சையின் முதல் படியாக வைத்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரும், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் மருத்துவர்களும். இ-மோட்டிவ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 80 ஆஸ்பத்திரிகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சுகப்பிரசவங்கள். 2023 மே மாதத்தில் முடிவு வெளியானது.

இரண்டு சாராருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கொடுக்கப்பட்டது. ஒரு சாராரின் பையில் 300 மில்லியிலும் 500 மில்லியிலும் எச்சரிக்கைக் கோடு இருந்தது. மறுசாராரின் பையில் கோடு இல்லை. ஆய்வாளர்கள் பிறகு எடைபோட்டு அளவைத் தெரிந்துகொண்டார்கள். கோடு இருந்த இடத்தில் சிஸ்டர்கள் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பையையும் கர்ப்பப்பையின் இறுக்கத்தையும் பார்த்தார்கள். உதிரம் கோட்டைத் தொட்டால் செய்ய வேண்டியதை வரிசையாக ஒவ்வொன்றாய்ச் செய்து காத்திராமல், ஒரே வீச்சில் செய்தார்கள்: கர்ப்பப்பையைப் பிசைந்து விடுதல், அதைச் சுருங்க வைக்கும் ஊசி, இரத்தம் உறைய உதவும் டிரானக்ஸாமிக் அமிலம், டிரிப், உள்ளே கிழிசல் உண்டா என்ற பரிசோதனை. எல்லா மருந்தும் ஒரே தள்ளுவண்டியில் அல்லது கைப்பெட்டியில் இருக்கும். பயன்படுத்தியதும் மறுபடி நிரப்பி வைக்க வேண்டும்.

கோடு இல்லாத பையோடு வழக்கம்போல் பார்த்த இடங்களில், உதிரம் மிஞ்சிய தாய்மாரில் 51 சதவீதம் பேரைத்தான் அடையாளம் கண்டார்கள். கோடு இருந்த இடங்களில் 93 சதவீதம் பேரை. முழுச் சிகிச்சையும் கிடைத்தது அங்கே 19 சதவீதம் பேருக்கு, இங்கே 91 சதவீதம் பேருக்கு. ஒரு லிட்டருக்கு மேல் உதிரப்போக்கு, அதை நிறுத்த வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் மரணம் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது வழக்கமான முறையில் 4.3 சதவீதம் பேருக்கு. புதிய முறையில் 1.6 சதவீதம் பேருக்கு. இந்த மருந்துகளில் எதுவும் புதிதல்ல. பாதித் தாய்மாருக்கு அவை தேவை என்பதே அதுவரை யாருக்கும் தெரியாமலிருந்தது.

மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு பெண்ணைப் பற்றிப் படிக்கிறோம். வைத்தியர் பலரிடம் போய், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவள். கூட்டத்தில் பின்னாலே வந்து தொட்டாள். நாம் பெரும்பாலும் அவள் விசுவாசத்தைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். நெருக்குகிற அத்தனை பேர் நடுவில், அவசரமான ஒரு வீட்டுக்குப் போகிற வழியில், நம் ஆண்டவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள். பிரசவ அறையில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வலி எடுத்திருக்க, ஒரே சிஸ்டர் அங்குமிங்கும் ஓடுகிற ராத்திரியில், சத்தமில்லாமல் படுத்திருக்கிற நாலாவது தாயிடம் நிற்கச் செய்வது அந்தப் பையின் கோடு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாடம் நேர்மையாயிராது. பையை மட்டும் பெட்டி பெட்டியாக அனுப்பினால் இந்தப் பலன் வராது. ஆய்வில் பயிற்சி இருந்தது, பொறுப்பேற்ற சிஸ்டர்கள் இருந்தார்கள், வண்டியில் மருந்து இருந்தது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் குளிர்ப்பெட்டி சூடானால் ஊசியில் இருப்பது மருந்தா தண்ணீரா என்று சொல்ல முடியாது. மேலும் இந்த ஆய்வு சுகப்பிரசவங்களைப் பற்றியது. சிசேரியன் அறுவையில் அளப்பது வேறு விஷயம். ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்கும் கருவி கொடுக்க விரும்புகிறவர்கள், அதைப் படிக்க ஆள் உண்டா, படித்தபின் கொடுக்க மருந்து உண்டா, அந்த மருந்து குளிரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் கொடையாளர் பெயரை எழுத இடமில்லை என்பது மெய்தான். குளிர்ப்பெட்டியில் எழுதலாம்!

2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவச்சிகள் ஆகியோரின் உலக அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையில், 500 மில்லி வரை காத்திருக்க வேண்டாம் என்றார்கள். பையில் அளந்தது 300 மில்லியாயிருந்து, நாடியிலோ இரத்த அழுத்தத்திலோ மாறுதல் தெரிந்தாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ பிள்ளை பெற்றால், வார்டுக்கு வந்தபின் முதல் 24 மணி நேரம் உடனிருப்பவர் நீங்கள்தான். நம் பெண்கள் செய்யும் முதல் வேலை, நனைந்த துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அலசிப்போடுவது. அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு வாளியில் போட்டு மூடி வைத்து, சிஸ்டர் பார்த்தபின் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வைத்த துணி முழுவதும் நனைந்தால், கட்டிகட்டியாகப் போனால், படபடப்பு, தலைசுற்றல், தாகம், காரணமில்லாத பயம் என்று அவள் சொன்னால், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று இருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். இத்தனை மணிக்கு இத்தனை துணி என்று எண்ணிச் சொல்லுங்கள். சிஸ்டர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இரண்டாவது முறையும் போய்ச் சொல்லுங்கள்.